பந்தியில் உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்க முடியவில்லை (வயது 43)

கடச்சனேந்தல்காரன் | மார்ச் 1, இரவு 10:40

வணக்கம் மக்களே. சிரிக்காமல் படியுங்கள்.

சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தோம். மறுநாள் மதியம் கோயில் மந்தையில் பந்தி. பங்காளிகளோடு வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சாம்பார் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. ரசம் வரும்போது இடது கால் மரத்துவிட்டது. மோர் வரும்போது இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. இலையை மடித்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தால் முடியவில்லை. வலது கையை ஊன்றினேன், அது பக்கத்து இலையின் பாயசத்தில் போய் நின்றது. கடைசியில் மைத்துனர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

எதிர்வரிசையில் எங்கள் பெரியம்மா, வயது 74. ஒரு கையில் சொம்பு, இன்னொரு கையில் மடித்த இலை. எதையும் ஊன்றாமல் எழுந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கைகழுவப் போனார். அந்தப் பார்வைதான் இந்த இழைக்குக் காரணம்.

என் நிலவரம்: வீட்டிலிருந்தே கணக்கு வேலை, காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் இரவு ஏழு. உடற்பயிற்சிக் கூடத்துக்கும் ஒரு வருடமாகப் போகிறேன், வாரம் நான்கு நாள் டிரெட்மில்லில் 40 நிமிடம். சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. அப்புறம் ஏன் இப்படி? யோகா வகுப்பில் சேரட்டுமா, இல்லை இது வயதுதானா?

நாலுசுற்று | மார்ச் 2, காலை 6:55

தம்பி, 43 எல்லாம் ஒரு வயதா. எனக்கு 66. பணி ஓய்வுக்குப் பிறகு தினமும் அதிகாலை மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை நான்கு சுற்று. திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய குளம். கிட்டத்தட்ட 1000 அடிக்கு 950 அடி. கணக்குப் போட்டால் ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர், நான்கு சுற்றுக்கு ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடையை விட்டால் வேறு மருந்து கிடையாது. ஐந்தரைக்குள் வந்துவிட வேண்டும், பங்குனி பிறந்துவிட்டால் ஏழு மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிடும்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஐந்து கிலோமீட்டர் நடக்கிற எனக்கு கால் நகம் வெட்ட முடிவதில்லை. குனிந்தால் வயிறு இடிக்கிறது, காலை மேலே தூக்கினால் இடுப்பு வரமாட்டேன் என்கிறது. பேத்திதான் வெட்டிவிடுகிறாள். இதைப் பற்றி நீங்கள் எழுதும்வரை நான் யோசித்ததே இல்லை.

கே.கே. நகர் பிசியோ | மார்ச் 2, இரவு 9:15

நாலுசுற்று ஐயா சொன்னதிலேயே கேள்விக்குப் பதில் இருக்கிறது. நடை இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சர்க்கரைக்கும் நல்லது, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் நடக்கும்போதும் டிரெட்மில்லில் ஓடும்போதும் கால் முன்னும் பின்னும்தான் போகிறது. சம்மணம் போடுவதற்கு இடுப்பு மூட்டு வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டும். குத்தவைப்பதற்கு முழங்கால் 130 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும், குதிகால் தரையில் இருக்கும்போதே கணுக்கால் முன்பக்கம் வளைய வேண்டும். நாற்காலியில் எல்லாமே 90 டிகிரியோடு நின்றுவிடுகிறது. கார், சோபா, கட்டில், மேல்நாட்டுக் கழிப்பறை எல்லாம் அதே உயரம். காலையிலிருந்து இரவு வரை உங்கள் இடுப்பு முழங்கால் உயரத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. இறங்காத இடத்துக்கு உடம்பு வழியை மறந்துவிடுகிறது.

மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அழுத்தம் விழும்போது அதிலிருந்து நீர் வெளியேறுகிறது, அழுத்தம் விலகும்போது மூட்டு நீர் உள்ளே போகிறது, நனைத்துப் பிழியும் பஞ்சு மாதிரி. அதற்குச் சாப்பாடு போய்ச் சேரும் முக்கியமான வழியே அதுதான்.

எழுந்திருப்பதைப் பற்றி ஒரு சோதனையே இருக்கிறது. பிரேசில் நாட்டு மருத்துவர் கிளாடியோ கில் அராவுஜோவும் அவருடைய குழுவும் உருவாக்கியது. வெறுங்காலில் நின்று, முடிந்தவரை எதையும் பிடிக்காமல் தரையில் உட்கார்ந்து எழ வேண்டும். உட்கார 5, எழ 5, மொத்தம் 10 மதிப்பெண். கை, முன்கை, முழங்கால், காலின் பக்கவாட்டு எதை ஊன்றினாலும் ஒன்று போகும். தள்ளாடினால் அரை. 51 முதல் 80 வயது வரையிலான 2002 பேரைச் சோதித்து, சில ஆண்டுகள் பின்தொடர்ந்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். மதிப்பெண் குறைந்தவர்களில் அந்தக் காலத்துக்குள் இறந்தவர்களின் பங்கு தெளிவாகக் கூடுதல். உடனே பயப்பட வேண்டாம். எழ முடியாததால் அவர்கள் சாகவில்லை; கால் வலு, சமநிலை, வளைவு, எடை எல்லாவற்றையும் அந்த ஒரு அசைவு சேர்த்துக் காட்டிவிடுகிறது, அவ்வளவுதான். மூட்டு வலி, தலைசுற்றல், எலும்புத் தேய்வு உள்ளவர்கள் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம்.

ஒத்தக்கடை யானை | மார்ச் 2, இரவு 10:02

செய்து பார்த்தேன். இறங்கும்போது பரவாயில்லை, கடைசி ஓர் அடி புவியீர்ப்பு பார்த்துக்கொண்டது. ஏறும்போது இரண்டு கை, ஒரு முழங்கால், டிவி ஸ்டாண்டு. டிவி ஸ்டாண்டுக்கு எத்தனை மதிப்பெண் குறைப்பது என்று நீங்கள் சொல்லவில்லை. வீட்டம்மா ஒரே மூச்சில் எழுந்து 9 வாங்கிவிட்டு, தோசை வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

சுங்குடி | மார்ச் 3, பிற்பகல் 2:20

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது அண்ணே? உங்கள் வீட்டம்மா வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவராக இருப்பார். குனிந்து, குத்தவைத்து, பின்னோக்கி நகர்ந்து, ஒரு பாதத்திலிருந்து இன்னொன்றுக்கு எடையை மாற்றி... தினமும் கால் மணி நேரம் அதுவே ஓர் ஆட்டம். எங்கள் அம்மா காலத்தில் ஆட்டுக்கல்லுக்கு ஒரு காலை நீட்டி ஒரு காலை மடக்க வேண்டும், அரிவாள்மனைக்கு ஒரு காலைக் குத்திட்டு மறு காலால் பலகையை மிதிக்க வேண்டும், அம்மிக்கு மண்டியிட வேண்டும். சமையல் மேடை வந்தது, எல்லாம் இடுப்பு உயரத்துக்கு ஏறிவிட்டது. பெண்களுக்கு 9 வருவதும் இன்னும் கொஞ்ச காலம்தான்.

ஆனால் தயவுசெய்து ‘அந்தக் காலத்தில்’ என்று யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள். எங்கள் அம்மா முப்பது வருடம் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டவர். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. தரையில்தான் உட்கார்ந்தார், நீங்கள் எல்லாரும் இப்போது ஏங்குகிற அதே தரையில்தான். கழுத்து முன்னால் தொங்கிவிட்டது, விரல்கள் காலையில் விரிவதில்லை, முதுகை நிமிர்த்த ஒரு நிமிடம் ஆகிறது. தரையே மருந்து என்றால் எங்கள் தெருவில் ஒரு கிழவிக்கும் முதுகு வலி இருக்கக் கூடாது.

சும்மாடு | மார்ச் 3, இரவு 11:31

அக்கா சொன்னதற்குப் பின்னால் நானும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று.

எங்கள் அப்பா கீழமாசி வீதியில் லோடுமேன். லாரியிலிருந்து கிட்டங்கிக்கு 75 கிலோ மூட்டை. தலையில் சும்மாடு, அதன் மேல் மூட்டை, பலகை மேல் ஏறி இறங்க வேண்டும். நீங்கள் சொல்கிற நடை, ஏறுதல், குனிதல், தூக்குதல், சமநிலை எல்லாம் ஒரு நாளைக்கு நூறு தடவைக்கு மேல். மதியம் மூட்டை மேலேயே படுத்துத் தூங்குவார். 52 வயதில் இரண்டு முழங்காலும் போய்விட்டன. கழுத்தில் எலும்பு வளர்ந்து நரம்பை அழுத்தி வலது கை மரத்துவிட்டது. அவருக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று கிடைத்திருந்தால் குலசாமிக்குக் கிடா வெட்டியிருப்பார்.

‘இயற்கையான அசைவு’ என்று காசு கொடுத்து வகுப்புக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, ஒரு மாதிரியாக இருக்கிறது. எங்கள் வீட்டில் முதல் நாற்காலி வாங்கிய நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பா அதில் உட்காராமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் இப்போது வங்கியில் வேலை பார்க்கிறேன். எனக்கும் முதுகு வலிக்கிறது. அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கடச்சனேந்தல்காரன் | மார்ச் 4, காலை 8:10

சும்மாடு தம்பி, இதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?

சும்மாடு | மார்ச் 4, காலை 8:44

இருக்கிறார் அண்ணே. வாசல் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். போகிறவன் வருகிறவனையெல்லாம் எடை போடுவார், இவன் எத்தனை மூட்டை தாங்குவான் என்று.

கே.கே. நகர் பிசியோ | மார்ச் 4, இரவு 9:50

சுங்குடி அக்காவும் சும்மாடு தம்பியும் சொன்னதை என் தொழிலில் தினமும் பார்க்கிறேன். இதற்கு ஆய்வும் உண்டு. பீஜிங் நகரத்து முதியவர்களை ஆராய்ந்து 2004-இல் வந்த ஒரு கட்டுரை, இளம் வயதில் நாளுக்குப் பல மணி நேரம் குத்தவைத்து உட்கார்ந்தவர்களுக்கு முழங்கால் தேய்மானம் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. ஆகவே குத்தவைப்பது அமுதமும் இல்லை, விஷமும் இல்லை.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். லண்டனில் ஜெர்ரி மாரிஸ் 1953-இல் வெளியிட்ட ஆய்வு மிகப் பழையது, ஆனால் இன்னும் அழகானது. ஒரே மாடிப் பேருந்தில் இரண்டு பேர். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர், நடத்துநர் நாள் முழுக்கப் படி ஏறி இறங்குபவர். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. அவர்கள் யாரும் உடற்பயிற்சி செய்யவில்லை, டிக்கெட் கிழித்தார்கள். நம் ஊர் டவுன் பஸ் நடத்துநர்களை நினைத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் ஒரு காலில் நின்றபடி சில்லறை எண்ணுகிறவர்கள்.

இன்னொன்று. தான்சானியாவில் இன்றும் வேட்டையாடிக் கிழங்கு தோண்டி வாழும் ஹட்சா மக்களை அளந்து பார்த்தார்கள், 2020-இல் வந்தது. அவர்களும் பகலில் ஏறக்குறைய பத்து மணி நேரம் சும்மாதான் இருக்கிறார்கள், நம்மைப் போலவே! ஆனால் அந்த ஓய்வில் கணிசமான பகுதி குத்தவைத்தும் மண்டியிட்டும். அப்போது கால் தசை லேசாக வேலை செய்துகொண்டே இருக்கிறது. நாற்காலியில் அது கிட்டத்தட்ட அணைந்துவிடுகிறது.

சும்மாடு தம்பியின் அப்பாவுக்கு நிறுத்திக்கொள்ளும் உரிமை இல்லை. வலித்தாலும் அடுத்த மூட்டை வரும். சுங்குடி அக்காவின் அம்மா தரையில் இருந்தார், ஆனால் ஒரே நிலையில் இருந்தார், முடிச்சு முடியும்வரை. நம் கணக்கர் அண்ணனும் ஒரே நிலையில்தான் இருக்கிறார், உயரம் மட்டும் வேறு. நிலையை மாற்றிக்கொள்ள முடிகிற வசதி இருக்கிறதே, அது ஒரு சொத்து. அண்ணனுக்கு அது இருக்கிறது, பயன்படுத்துவதில்லை.

கர்லா | மார்ச் 5, மாலை 6:30

நான் சிலம்பம் சொல்லிக்கொடுப்பவன். இந்த ‘இயற்கை அசைவு’ சமாச்சாரம் இணையத்தில் இப்போது பெரிய வியாபாரம். அதற்கு வேர் ஜார்ஜ் எபேர் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீரர்களுக்கு அவர் வகுத்த பயிற்சியில் பத்து வகை: நடை, ஓட்டம், தாவல், நாலுகாலில் நகர்தல், ஏறுதல், சமநிலை, எறிதல், தூக்குதல், தற்காப்பு, நீச்சல். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோழவந்தான் பக்கத்தில் வளர்ந்த எந்தப் பையனும் ஒரு கோடை விடுமுறையில் இந்தப் பத்தையும் முடித்துவிடுவான். கிணற்று மேட்டிலிருந்து குதிக்க வேண்டும், பம்புசெட் குழாயைப் பிடித்து ஏற வேண்டும், கல்லெறிந்து மாங்காய் விழுத்த வேண்டும், தோட்டக்காரர் வந்தால் ஓட்டம். தற்காப்பு வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம்.

அது போகட்டும். நம்மிடமே தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் இருக்கின்றன. கர்லாக்கட்டையைப் பலம் காட்டும் சாமான் என்று நினைக்கிறார்கள். அது தோளைச் சுழற்றுவதற்கு. கட்டை தலைக்குப் பின்னால் தொங்கும்போது அதன் எடையே தோள்பட்டையைத் திறந்துவிடும். கணினிக்காரர்களுக்கு அதைவிட நல்ல சாமான் எனக்குத் தெரியாது. இரண்டு கிலோவில் ஆரம்பித்தால் போதும். என்னிடம் வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் எட்டுக் கிலோ கேட்கிறார்கள், புகைப்படத்துக்கு.

பிள்ளையார் கோயிலில் தோப்புக்கரணம் போடுகிறோமே, அதையும் ஒழுங்காகப் போடுங்கள். பெரும்பாலோர் காதைத் தொட்டுத் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிள்ளையாரும் கண்டுகொள்வதில்லை.

பேச்சிப்பள்ளம் | மார்ச் 6, காலை 9:05

ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடி வாருங்கள். சமணர் மலையில் பாறையில் வெட்டிய படி ஒன்று இன்னொன்றைப் போல இருக்காது. ஒன்று அரையடி, அடுத்தது ஒன்றரை அடி, அதற்கடுத்தது படியே இல்லை. அந்த ஒழுங்கின்மைதான் கணுக்காலுக்குப் பாடம். டிரெட்மில்லில் ஆயிரம் அடியும் ஒரே அடி. பேச்சிப்பள்ளத்துச் சுனைக்கு மேல் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன, ஆயிரம் வருடத்துக்கு மேலாக அசையாமல் ஒரே நிலையில். அவர்களுக்கு மட்டும் மூட்டு வலி கிடையாது.

ஏறுவது மூச்சு வாங்கும், ஆனால் முழங்காலுக்கு வேலை இறங்கும்போதுதான். அவசரமாக இறங்காதீர்கள். மறுநாள் தொடை பிடித்துக்கொள்வதும் இறங்கியதற்கான கூலிதான்.

நாலுசுற்று | மார்ச் 6, காலை 11:30

எனக்கு ஒரு சந்தேகம். தினமும் பத்தாயிரம் அடி என்று பேரன் கைக்கடிகாரம் மாட்டிவிட்டிருக்கிறான். அதை எட்டாவிட்டால் இரவு ஒன்பது மணிக்கு மொட்டைமாடியில் நடக்கச் சொல்கிறான். அவசியமா?

கே.கே. நகர் பிசியோ | மார்ச் 6, பிற்பகல் 1:15

இல்லை ஐயா. பத்தாயிரம் என்பது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயர். ‘மான்போ-கெய்’, அதாவது பத்தாயிரம் அடி அளவி. விளம்பரத்துக்குப் பிறந்த எண். மூத்த பெண்களை வைத்து 2019-இல் வந்த ஆய்வில் 4400 அடியிலேயே பலன் தெரிந்தது, 7500-க்கு மேல் பெரிதாகக் கூடவில்லை. உங்கள் நான்கு சுற்றே போதும். மொட்டைமாடிக்குப் பதில் அந்த நேரத்தில் தரையில் உட்கார்ந்து பேரனோடு தாயம் விளையாடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னதிலும் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, வாரம் இரண்டு நாள் தசை வலுவுக்கும், 65 தாண்டியவர்களுக்கு மூன்று நாள் சமநிலைக்கும் பயிற்சி என்று இருக்கிறது. எல்லாரும் முதல் வரியோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

மூட்டு மாற்றியவள் | மார்ச் 7, இரவு 8:20

நடுவில் ஓர் எச்சரிக்கை. எனக்கு 61. இரண்டு வருடம் முன்பு வலது முழங்கால் மாற்று அறுவை. அதற்கு முன் ஒரு வகுப்பில், பெயர் வேண்டாம், “வலியைத் தாண்டினால்தான் மூட்டு திறக்கும்” என்று வஜ்ராசனத்தில் அழுத்தி உட்கார வைத்தார்கள். அன்றிரவு வீங்கியது பல வாரம் வடியவில்லை. இப்போது மருத்துவர் என்னைக் குத்தவைக்கக் கூடாது என்கிறார், நான் குத்தவைப்பதில்லை. கழிப்பறையில் பாதத்துக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொள்கிறேன், முழங்கால் கொஞ்சம் மேலே வந்தால் மலம் சிரமமில்லாமல் போகிறது. தரைக்குப் பதில் அரையடி உயரப் பலகையிலிருந்து எழுந்து பழகுகிறேன். இதைப் படிக்கும் எல்லார் காலும் ஒரே கால் இல்லை.

கடச்சனேந்தல்காரன் | மார்ச் 26, இரவு 10:15

மூன்று வாரக் கணக்கு.

முதலில் என் முட்டாள்தனம். உற்சாகத்தில் முதல் நாளே நாற்காலியைத் தூக்கி மாடிக்கு அனுப்பிவிட்டேன். என் தாத்தா மாசி வீதியில் ஒரு மண்டியில் கணக்கப்பிள்ளை. மெத்தையில் சம்மணம் போட்டு, முன்னால் சரிவான மரப்பெட்டி வைத்து, நாற்பது வருடம் பேரேடு எழுதியவர். அந்தப் பெட்டி பரணில் இருந்தது. துடைத்து இறக்கி மடிக்கணினியை அதன் மேல் வைத்து, மூன்று மணி நேரம் அசையாமல் வருமான வரிக் கணக்கு பார்த்தேன். எழுந்தால் இடது முழங்காலின் உட்பக்கம் சுளீர் என்றது. நான்கு நாள் நொண்டினேன். பிசியோ சாரிடம் தனிமடலில் திட்டு வாங்கினேன். “நாற்காலியில் செய்த தப்பையே தரையில் செய்திருக்கிறீர்கள்” என்றார்.

நாற்காலி திரும்பி வந்தது. இப்போது முக்கால் மணிக்கு ஒரு முறை இடம் மாற்றுகிறேன். நாற்காலி, பெட்டி, சமையல் மேடையில் நின்றபடி. தரையில் இருக்கும்போது மடித்த போர்வையை இடுப்புக்குக் கீழே போட்டுக்கொள்கிறேன். அது வந்த பிறகுதான் முதுகு தானாக நிமிர்ந்தது. குத்தவைக்க குதிகாலுக்கு அடியில் இரண்டு தடிப் புத்தகம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. முதல் வாரம் அரை நிமிடம்கூட இல்லை. இப்போது இரண்டு நிமிடம், ஒரு புத்தகம். தசை இவ்வளவு சீக்கிரமா நீண்டுவிட்டது என்று பிசியோ சாரிடம் கேட்டேன். ஆரம்பத்தில் அது நீள்வதில்லையாம், இந்த நிலையில் ஆபத்தில்லை என்று நரம்புக்குத் தைரியம் வருகிறதாம். அதனால்தான் வலிக்க வலிக்க இழுத்தால் அது இன்னும் இறுக்கிப் பிடிக்கும் என்றார்.

இரவுச் சாப்பாட்டைத் தரைக்கு மாற்றினோம். மகனுக்கு அது பிக்னிக். அம்மாவுக்கு 70, அவர் நாற்காலியிலேயே இருந்து மேலிருந்து எங்களை மேய்க்கிறார். சாப்பாட்டின் நடுவில் உப்பு, தண்ணீர், அப்பளம் என்று நான்கு முறை என்னை எழுப்புகிறார். வேண்டுமென்றேதான் என்று மனைவி சொல்கிறாள்.

சுங்குடி | மார்ச் 27, காலை 7:40

அண்ணே, உப்பையும் அப்பளத்தையும் இத்தனை நாள் எழுந்து எடுத்து வந்தது யார் என்பதையும் அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடச்சனேந்தல்காரன் | மார்ச் 27, காலை 7:58

எழுதிக்கொண்டேன்.

சும்மாடு | ஏப்ரல் 9, இரவு 9:12

பிசியோ சார் சொன்னார் என்று அப்பாவை அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். தேய்ந்த முழங்காலைத் திருப்பித் தர முடியாது என்றுதான் முதலில் சொன்னார். ஆனால் திண்ணையில் உட்கார்ந்தபடியே காலை நீட்டி, தொடையை இறுக்கி, பத்து எண்ணியபின் தளர்த்தச் சொன்னார். அப்புறம் திண்ணையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும், எட்டு தடவை. அப்பா வரும்போது, “இதற்கா பஸ் ஏறி வந்தோம்” என்றார். மூன்று வாரமாகச் செய்கிறார். நேற்று எண்ணிக்கை பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் ‘ஒரு மூட்டை, ரெண்டு மூட்டை’ என்று எண்ணுகிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிறேன். என் முதுகு வலியைப் பற்றி அவரிடம் சொல்லியும் விட்டேன். “ஏசியில உக்காந்தா வலிக்கத்தான் செய்யும்” என்றார். கோபப்படவில்லை.

நாலுசுற்று | ஏப்ரல் 10, காலை 6:20

தெப்பக்குளத்தில் இப்போது மூன்று சுற்றுதான். நான்காவது சுற்றுக்கான நேரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து எழுகிறேன். வலது கால் நகம் நானே வெட்டினேன். இடது கால் இன்னும் பேத்தியிடம்.

கடச்சனேந்தல்காரன் | மே 3, மாலை 5:30

சித்திரைத் திருவிழா முடிந்து தூக்கம் தெளிந்து எழுதுகிறேன். மலையிலிருந்து வரும் அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்குத் தல்லாகுளத்தில் நின்று, இரவு முழுக்க சாமி தங்கிப் போகும் மண்டகப்படி மண்டகப்படியாக அவர் பின்னாலேயே நடந்து, விடியலில் வைகை ஆற்றங்கரைக்கு வந்தோம். பெரியம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார். அழகர் இறங்கக் காத்திருந்த நேரத்தில் கரையில் துண்டை விரித்து எல்லாரும் உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் இருக்கும். கால் மரத்தது, மாற்றி மாற்றி வைத்துக்கொண்டேன்.

‘கோவிந்தா’ சத்தம் கேட்டதும் கூட்டம் மொத்தமும் எழுந்தது. நானும் எழுந்தேன். ஒரு கை தரையில் பட்டது, பொய் சொல்ல மாட்டேன். பிசியோ கணக்கில் 9 வராது. யார் அக்குளிலும் தொங்கவில்லை.

ஒத்தக்கடை யானை | மே 3, மாலை 5:41

அதெல்லாம் இருக்கட்டும், பெரியம்மா பார்த்தாரா?

கடச்சனேந்தல்காரன் | மே 3, மாலை 5:52

பார்த்தார். “எந்திரிச்சிட்டியா? அப்ப அந்தத் தண்ணிப் பாட்டிலையும் குனிஞ்சு எடு” என்றார்.